சலரோகமும் இன்சுலின் பம்பியும்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சமயப் பேச்சும் இலக்கியப் பேச்சும் கேட்டுப் பழகிய இம்மேடையிலே, இன்று வைத்திய விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்துள்ளார். நாம் பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் மாணவரேயன்றி வைத்தியர் அல்லேம். ஆகவே, இங்கு கூறப்போவது மருந்து விதிக்கும் பேச்சன்று. சில சொற்களின் பொருளை விளங்கிக்கொள்ள முயலும் பேச்சு மாத்திரமே. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே விஞ்ஞானம் போதித்த ஆசிரியர், "சொல்லை அறியாதவன் பொருளையும் அறியான், பொருளை அறியாதவன் உதவி செய்யப்போய் உபத்திரவம் செய்வான்" என்று அடிக்கடி கூறுவார். அவர் கூறியதன் உண்மையைச் சென்ற ஆண்டு நாம் கண்கூடாகக் கண்டோம்.

எமது ஊர்க் கோயிற் கொடியேற்றத்துக்கு, கனடாவிலே ரொறன்ரோ நகரிற் பிறந்து வளர்ந்த எமது மாமன் மகள் வந்திருந்தாள். வயது பதினாறு. அவளது இடுப்பிலே கைத்தொலைபேசியினும் சிறியதொரு கருவி செருகப்பட்டிருந்தது; அதிலிருந்து மெல்லிய குழாயொன்று சட்டைக்குள்ளே சென்றது. உள்வீதியிலே நின்ற பெரியவர் ஒருவர், "கோயிலுக்குள்ளையும் போனோ பிள்ளை? கழட்டி வைச்சிட்டு வா" என்றார். அவள், "இது போன் இல்லை அப்பு. இது நிண்டால் நானும் நிண்டிடுவன்" என்றாள். பெரியவர் அதனை வாய்த்துடுக்கெனக் கொண்டு முகஞ் சுளித்தார். அப்பொழுது நாம் செய்தது யாது? அவருக்கு விளக்கஞ் சொல்ல எமக்குத் தெரியவில்லை. ஆகவே அவளையே பார்த்து, "அரை மணித்தியாலந்தானே, கழட்டி வைச்சிட்டு வாவன்" என்றோம். ஊரார் முன்னிலையில் வாதாட விரும்பாத பிள்ளை, கருவியைக் கழற்றித் தாயின் கைப்பைக்குள் வைத்தாள்.

அரை மணித்தியாலம் நான்கு மணித்தியாலமாயிற்று. இடையிலே சர்க்கரைப் புக்கையும் உண்டாள். வீடு திரும்பியதும் அவளுக்குத் தாகமும் வயிற்றுக் குமட்டலும் கண்டன. விரலிலே குத்திப் பார்த்தபொழுது அளவுமானி 21 என்று காட்டிற்று. எம் வீட்டிலே அம்மம்மாவுக்குச் சலரோகம் உண்டு. அவருடைய கணக்கிலே நூறு, நூற்றைம்பது என்று கேட்டே பழகிய எமக்கு, 21 என்பது மிகத் தாழ்ந்த அளவாகத் தோன்றிற்று. பதறியடித்துச் சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடினோம். அவளே கையை நீட்டித் தடுத்தாள். அவள் அருந்தியிருப்பின் நஞ்சின்மேல் நஞ்சு ஊட்டியவர் ஆகியிருப்போம். நல்ல வேளையாக மாமி உடனே ஊசி மூலம் இன்சுலின் ஏற்றினார். கருவியும் மீளப் பொருத்தப்பட்டது. நள்ளிரவளவில் அவள் தேறினாள்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அப்பெரியவரை நாம் குறை கூறவில்லை. அவர் கோயிலின் ஒழுங்கைக் காக்க எண்ணியவர். குறை எம்முடையதே. விஞ்ஞானம் கற்கின்றோம் என்று பெயர் பெற்றும், ஒரு கருவியின் பெயரையும் ஓர் எண்ணின் பொருளையும் அறியாதிருந்தோம். அதன் பின்னர் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலில் நோயை நோக்குவோம். நீரிழிவு, மதுமேகம், சலரோகம் எனப் பல பெயர் பெற்ற இந்நோயிலே சிறுநீர் இனிக்கும் என்பதும், அதனை எறும்பு மொய்க்கும் என்பதும் பழைய இந்திய வைத்தியர் அறிந்த செய்திகளே. ஆனால் நோயின் ஊற்று எங்கேயுள்ளது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் வெளிப்படலாயிற்று. 1869 ஆம் ஆண்டிலே, பேர்லின் நகரில் மாணவராயிருந்த போல் லாங்கர்கான்ஸ் என்பவர், இரைப்பையின் பின்புறத்தே கிடக்கும் சதையி என்னும் உறுப்பிலே, தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களைக் கண்டு எழுதினார். 1889 இல் ஸ்ராஸ்பேர்க்கிலே மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர், சதையி அகற்றப்பட்ட நாய்க்குச் சலரோகம் உண்டாதலைக் காட்டினர். அத்தீவுகளிற் சுரக்கும் பொருளே இன்சுலின். இலத்தீன் மொழியிலே 'இன்சுலா' என்றால் தீவு. தீவிலே வாழும் நாம் இப்பெயரை மறத்தற்கு நியாயமில்லை.

உண்ணும் சோறும் பாணும் கிழங்கும் குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலக்கின்றன. அக்குளுக்கோசு தசைக்கும் கொழுப்புக்கும் உட்சென்று பயன்படுதற்கு இன்சுலின் வேண்டும். முதலாம் வகைச் சலரோகத்திலே, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தவறுதலாக இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. இது பெரும்பாலும் சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் தோன்றும். அவர்களுக்கு வெளியிலிருந்து இன்சுலின் கொடாவிடின் உயிரில்லை. இரண்டாம் வகையிலே இன்சுலின் சுரந்தும் போதிய பயன் தருவதில்லை. உணவுக் கட்டுப்பாடு, தேகாப்பியாசம், குளிசை என்பவற்றாற் பலர் சமாளிப்பர். சிலருக்கு இன்சுலினும் வேண்டும். எம் ஊரிலே முதியோரிடத்து நாம் காண்பது பெரும்பாலும் இரண்டாம் வகையே. ஆதலாலேதான், "சின்னப் பிள்ளைக்கு என்ன சலரோகம்? சீனியை விட்டால் சரி" என்று பலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். முதலாம் வகை நோய் சீனி தின்று வந்ததுமன்று. சீனியை விட்டுப் போவதுமன்று.

1921 ஆம் ஆண்டுக் கோடையிலே, பிரெடெரிக் பான்ரிங் என்னும் இளம் வைத்தியரும், சாள்ஸ் பெஸ்ற் என்னும் மாணவரும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே, பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், நாய்களின் சதையியிலிருந்து இச்சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். 1922 தை மாதம் 11 ஆந் திகதி, ரொறன்ரோப் பொது வைத்தியசாலையிலே மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. முதல் ஊசி நற்பயன் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்பார் அதனைத் தூய்மை செய்து கொடுக்க, அம்மாதம் 23 ஆந் திகதி ஏற்றியபொழுது சிறுவன் தேறலானான். கண்டுபிடித்தோர் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கே விற்றனர். எமது மாமன் மகள் பிறந்த நகரும் அதுவே. நூறாண்டுகளுக்கு முன் அங்கே மூட்டப்பட்ட விளக்கின் ஒளியிலேதான் அவள் இன்று நடமாடுகின்றாள்.

இன்சுலின் கிடைத்தபின் உயிர் தங்கிற்று. ஆனால் சதையி செய்யும் வேலையை ஊசி முழுதும் செய்யவில்லை. ஏனெனிற் சதையி இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும், உறங்கினாலும் விழித்திருந்தாலும், சிறிது சிறிதாக இன்சுலினைச் சுரந்துகொண்டிருத்தல். மற்றையது, உணவு உட்கொண்டவுடன் அதற்கேற்ப மிகுதியாகச் சுரத்தல். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யவல்ல கருவியொன்றை ஆக்குதல் கூடுமோ என ஆய்வாளர் எண்ணினர்.

1960 களின் முற்பகுதியிலே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆனல்ட் கடிஷ் என்பார் ஆக்கிய கருவி, முதுகிலே மூட்டைபோற் சுமக்கவேண்டிய அளவிற் பெரியது. 1970 களிலே டீன் கேமன் என்னும் அமெரிக்கர் உடலில் அணியத்தக்க சிறிய பம்பியை ஆக்கினார். 1978 இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் பிக்கப், ஹரி கீன் முதலியோர், தோலின்கீழ் இடைவிடாது இன்சுலின் செலுத்தும் முறையைச் சோதித்து, அதன் பயனை வைத்திய உலகுக்கு எடுத்துக்காட்டினர்.

பம்பி என்றவுடன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசினே எம் ஊராரின் நினைவுக்கு வரும். அஃது நல்ல உவமையே. கிணறு உண்டு, மிசின் உண்டு, வாய்க்கால் உண்டு, பாத்தி உண்டு. இன்சுலின் பம்பியிலும் இந்நான்கும் உள. கிணறு போன்றது கொள்கலம். பெரும்பாலான பம்பிகளிலே 200 முதல் 300 அலகு வரை இன்சுலின் அதிற் கொள்ளும். ஒரு மில்லிலீற்றரிலே 100 அலகு இருத்தலால், 300 அலகென்பது 3 மில்லிலீற்றர் மாத்திரமே. மிசின் போன்றது பற்றரியால் இயங்கும் சிறு மோட்டார். அது கொள்கலத்தின் தண்டை மயிரிழை அளவாகத் தள்ளும். வாய்க்கால் போன்றது மெல்லிய பிளாஸ்ரிக் குழாய். அதன் நுனியிலே 'கனூலா' எனப்படும் மென்குழல் தோலின்கீழே கொழுப்புப் படலத்திற் செருகப்பட்டிருக்கும், அப்படலமே பாத்தி. குழாயும் கனூலாவும் சேர்ந்ததைச் 'செலுத்து தொகுதி' எனலாம். இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதனை மாற்றி, வேறோர் இடத்திலே செருகுதல் வேண்டும். மாற்றாவிடிற் புண்ணும் தடிப்பும் அடைப்பும் உண்டாகும். குழாயின்றி உடலிலேயே ஒட்டிக்கொள்ளும் பம்பியும் உண்டு. 2005 ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது.

பம்பியை உடலினுள்ளே சத்திரசிகிச்சை செய்து வைப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வெளியே அணிவதே வழக்கம். நீராடும்பொழுது சிறிது நேரம் கழற்றிவைக்கவும் கூடும். ஆனால் அச்சிறிது நேரம் நீளலாகாது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இனிச் சொற்களுக்கு வருவோம். முதற் சொல் 'பேசல்'. அடிப்படை என்பது அதன் பொருள். உணவைப் பொருட்படுத்தாது நாள் முழுவதும் துளித்துளியாகச் செல்லும் இன்சுலினே இது. மணித்தியாலத்துக்கு இத்தனை அலகு என்று வைத்தியர் விதிப்பர். அதற்கு 'அடிப்படை வீதம்' என்று பெயர். ஓர் அலகின் இருபதிலொரு பங்கையும் பம்பி அளந்து விடவல்லது. அதிகாலையிலே உடலிற் சுரக்கும் சில ஓமோன்களால் குளுக்கோசு தானே உயர்தல் பலரிடத்தும் உண்டு. அந்நேரத்துக்கு மாத்திரம் வீதத்தைக் கூட்டிவைக்கலாம். பந்து விளையாடும் மாலைக்குக் குறைத்துவைக்கலாம். அதற்குத் 'தற்காலிக அடிப்படை' என்பர். இரவிலே ஏற்றிய ஊசியை மறுபடி வெளியே எடுத்தல் இயலாது. பம்பியிலோ வீதத்தை நினைத்த நேரத்திற் குறைக்கலாம். இதுவே இதன் தலையாய சிறப்பு.

இரண்டாஞ் சொல் 'போலசு'. உருண்டை, கவளம் என்பது இதன் பொருள். உணவு உண்ணும்பொழுது ஒருசேரச் செலுத்தும் அளவு இது. தமிழிலே 'கவள அளவு' என்று கூறின் பொருத்தமாகும் என எண்ணுகின்றோம். பம்பி இதனைத் தானே அறிந்து செய்துவிடுவதில்லை. உண்பவர் தாம் உண்ணப்போகும் மாச்சத்தைக் கிராமிலே கணக்கிட்டுச் சொல்லவேண்டும். ஒரு கோப்பை சோற்றிலே ஏறத்தாழ 45 கிராம், ஒரு துண்டுப் பாணிலே 15 கிராம், சிறிய வாழைப்பழமொன்றிலே 15 கிராம், ஒரு தேக்கரண்டிச் சீனியிலே 4 கிராம் மாச்சத்து உண்டு. எம் தாய்மார் பிடியாலும் சுண்டாலும் அளந்து சமைப்பதில் வல்லவர். இக்கணக்கு அவர்களுக்குப் புதிதன்று, பெயரே புதிது.

மூன்றாஞ் சொல் 'மாச்சத்து விகிதம்'. ஓர் அலகு இன்சுலின் எத்தனை கிராம் மாச்சத்துக்கு ஈடாகும் என்பது அது. நான்காவது 'திருத்தக் காரணி'. ஓர் அலகு இன்சுலின் குருதியிலுள்ள குளுக்கோசை எவ்வளவு குறைக்கும் என்பது. ஐந்தாவது 'இலக்கு', வேண்டப்படும் குளுக்கோசு அளவு. ஆறாவது 'எஞ்சிநிற்கும் இன்சுலின்'; முன்னர்ச் செலுத்தியதில் இன்னும் வேலை செய்து முடியாத பங்கு. பம்பியிலே பாவிக்கப்படும் விரைவு இன்சுலின் மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் வரை வேலை செய்யும்.

ஓர் உதாரணத்தால் இவற்றை விளக்குவோம். ஒருவருக்கு 10 கிராம் மாச்சத்துக்கு ஓர் அலகு என விகிதம் விதிக்கப்பட்டுள்ளது என்க. ஓர் அலகு 40 மில்லிகிராம் குறைக்கும், இலக்கு 120. அவர் மதியம் ஒரு கோப்பை சோறும் ஒரு சிறு வாழைப்பழமும் உண்ணப்போகின்றார். மாச்சத்து 45 உம் 15 உம் சேர்ந்து 60 கிராம். அதற்கு 6 அலகு வேண்டும். அப்பொழுது அவருடைய குளுக்கோசு 200. இலக்கினும் 80 கூட. அதனைத் திருத்த 2 அலகு. ஆக மொத்தம் 8 அலகு. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் செலுத்தியதில் ஒன்றரை அலகு எஞ்சி நிற்கின்றது. அதனைக் கழித்தால் ஆறரை அலகு. இக்கணக்கைப் பம்பி ஒரு நொடியிற் போட்டுக் காட்டும். எஞ்சியதைக் கழியாது, அளவு உயர்ந்துள்ளதே என்று மேலும் மேலும் ஏற்றுவோர், பின்னர் மயங்கி விழுவர். மருந்தின்மேல் மருந்து குவித்தல் ஆகாதென்பது இதனாற் பெறப்படும். இவ்வெண்கள் உதாரணத்துக்கே, ஆளுக்கு ஆள் வேறுபடும். வைத்தியர் விதித்ததன்றி ஒருவருடைய எண்ணை மற்றொருவர் எடுத்துக்கொள்ளலாகாது.

நெய்யும் தேங்காய்ப்பாலும் மிகுந்த உணவு மெதுவாகச் சமிக்கும். அதற்கு முழுவதையும் ஒருமிக்கச் செலுத்தாது, ஒரு பங்கை உடனேயும் எஞ்சியதை இரண்டு மூன்று மணித்தியாலத்திற் பரவியும் செலுத்தும் வசதி பல பம்பிகளில் உண்டு. அதனை 'நீட்டித்த கவளம்' எனலாம்.

இனி, அந்த 21 என்னும் எண்ணின் செய்தி. குருதியிலுள்ள குளுக்கோசை அளக்க உலகிலே இரண்டு வாய்பாடுகள் வழங்குகின்றன. நாம் வழங்குவது ஒரு டெசிலீற்றரிலே இத்தனை மில்லிகிராம் என்பது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வழங்குவது ஒரு லீற்றரிலே இத்தனை மில்லிமோல் என்பது. இரண்டாவதைப் பதினெட்டாற் பெருக்கினால் முதலாவது கிடைக்கும். ஆகவே அவளுடைய 21 எமது கணக்கிலே 378. வெளிநாட்டு உறவினர் வந்துபோகாத வீடு எம் ஊரிலே குறைவு. ஆதலால் இப்பதினெட்டை ஒவ்வொருவரும் மனத்திலிருத்துக.

அவள் ஏன் அத்துணை விரைவில் நோயுற்றாள்? பம்பியிலே இருப்பது விரைவு இன்சுலின் மாத்திரமே. நாளுக்கு ஒருமுறை ஏற்றும் நீண்டநேர ஊசிபோல உடலிலே சேமிப்பு ஒன்றும் இல்லை. கழற்றினாலும், குழாய் அடைபட்டாலும், கனூலா வளைந்தாலும், சில மணித்தியாலங்களிலே உடலில் இன்சுலின் அற்றுப்போகும். அப்பொழுது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீற்றோன் என்னும் பொருள்கள் பெருகிக் குருதி அமிலமாகும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, பழவாடை வீசும் சுவாசம் என்பன அதன் அறிகுறிகள். காலந் தாழ்த்தின் உயிருக்கே இறுதியாகும். ஆகவே பம்பி அணிவோர், காரணமின்றி அளவு 250 இனைக் கடந்தால், கீற்றோனைச் சோதித்து, ஊசியால் இன்சுலின் ஏற்றி, செலுத்து தொகுதியை மாற்றுமாறு கற்பிக்கப்படுகின்றனர். பம்பி அணிந்தவர் வீட்டிலும் ஊசியும் மருந்தும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

மற்றைய ஆபத்து, அளவு 70 இற்குக் கீழே தாழ்தல். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றமான பேச்சு என்பன தோன்றும். வெறிகாரன் என்றோ பேய் பிடித்தது என்றோ விலகிப் போகாதீர்கள். நினைவோடு இருப்பின் மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தின் பின் மறுபடி சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயிலே எதனையும் ஊற்றலாகாது. ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். உயர்ந்ததோ தாழ்ந்ததோ என்று அளந்தறிந்தபின் செய்வதே உதவி. அறியாது செய்வது எம் சீனித் தண்ணீர் போன்றதே. எமது வெப்பமும் கவனிக்கத்தக்கது. இன்சுலின் சூட்டிலே வலுவிழக்கும். வெயிலிலே விட்ட வாகனத்துக்குள் அதனை வைத்தல் தகாது.

அண்மைக் காலத்தில் மேலும் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. தோலின்கீழே செருகிய சிறிய உணரியொன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை குளுக்கோசை அளந்து பம்பிக்கு அறிவிக்கும். பம்பி அதற்கேற்ப அடிப்படை வீதத்தைத் தானே கூட்டும், குறைக்கும். இத்தகைய கருவியொன்றுக்கு 2016 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் முதன்முறையாக அனுமதி கிடைத்தது. எனினும் உணவின் கணக்கை மனிதரே சொல்ல வேண்டியிருந்தமையால் அதனை முழுத் தானியக்கம் எனல் கூடாது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அணிந்தவரின் கவனம் இன்றிப் பயன்படாது.

இங்கே பெரியோர் ஒருவர் கேட்கக்கூடிய வினாவொன்று உண்டு. "தம்பி, நீ சொல்லுற சாமானின்ரை விலை எங்களுக்குக் கட்டுமோ? வாங்க ஏலாததைப் பற்றிக் கதைச்சு என்ன பலன்?" வினா நியாயமானதே. பம்பியின் விலை மாத்திரமன்று. மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றும் குழாயும் கொள்கலமும் முடிவில்லாத செலவு. எம்மவருட் பெரும்பாலோர்க்கு அஃது எட்டாதென்பதை மறைக்கமாட்டோம்.

எனினும் விடை உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதலாம் வகைச் சலரோகமுடைய 1441 பேரை வைத்து ஒரு பெரும் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு பகுதியினர் பழைய முறைப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி ஏற்றினர். மற்றைய பகுதியினர் நாளுக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசி ஏற்றினர், அல்லது பம்பி அணிந்தனர். நாளுக்குப் பலமுறை சோதித்து அளவைத் திருத்தினர். இரண்டாம் பகுதியினரிடத்தே சலரோகக் கண்ணோய் தோன்றுதல் நூற்றுக்கு 76 பங்கும், நரம்பு நோய் 60 பங்கும் குறைந்தன. குளுக்கோசு கடுமையாகத் தாழ்தல் மும்மடங்காயிற்று என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. இவ்வாய்வால் நாம் அறிவது யாது? காத்தது பம்பி என்னும் பொருள் மாத்திரமன்று. அளந்து, கணக்கிட்டு, ஏற்ற அளவிலே கொடுத்தல் என்னும் முறையே காத்தது. நீண்டநேர இன்சுலின் ஊசி அடிப்படை வீதத்தின் வேலையையும், சாப்பாட்டுக்கு முன் ஏற்றும் விரைவு ஊசி கவள அளவின் வேலையையும் செய்யும். விகிதமும் திருத்தக் காரணியும் எஞ்சிநிற்கும் இன்சுலினும் ஊசிக்கும் பொதுவே. எமது அரசாங்க வைத்தியசாலைகளிலே இன்சுலின் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றது. ஆகவே இச்சொற்கள் செல்வர்க்கு மாத்திரம் உரியனவல்ல. பம்பியை விலைகொடுத்து வாங்கவேண்டும். சொற்களை விலையின்றிக் கற்கலாம்.

மற்றுமொன்று கூறி முடிப்போம். எம் சமூகத்திலே இந்நோயை மறைக்கும் வழக்கம் உண்டு. பெண்பிள்ளையாயிற் கலியாணம் தடைப்படும் என்று தாய் அஞ்சுகின்றாள். பாடசாலையிலே பிள்ளை மறைவிடம் தேடி ஊசி ஏற்றுகின்றது. சில வேளை ஏற்றாமலே விடுகின்றது. யாரோ ஒருவருடைய பேச்சைக் கேட்டு, இன்சுலினை நிறுத்திக் கசாயம் மாத்திரம் கொடுப்பாரும் உளர். முதலாம் வகை நோயிலே இன்சுலினை நிறுத்துதல் கொலைக்கு ஒப்பாகும். விரதம் இருப்போரும், உணவை விட்டாலும் அடிப்படை இன்சுலினை விடலாகாது. வைத்தியரைக் கேட்டபின்னரே விரதம் பூணுதல் தகும். உடலை வருத்தும் பக்தியினும், கிடைத்த உடலைக் காக்கும் பொறுப்புச் சிறியதன்று.

இளைஞர்களே, எமது மன்றம் என் செய்யலாம்? திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கின்றோம். அங்கே ஓர் அளவுமானியும் சிறிது சீனியும் வைக்கலாம். தொண்டர் படையினர்க்கு இன்று கூறிய அறிகுறிகளை வைத்தியர் ஒருவரைக்கொண்டு கற்பிக்கலாம். இன்சுலின் பம்பியைக் கண்டால், அது தொலைபேசியன்று என்று அறிந்துகொள்ளலாம். இவையாவும் அதிக பணம் வேண்டாத தொண்டுகள்.

பெரியோர்களே, இவ்வாண்டுக் கொடியேற்றத்துக்கும் எமது மாமன் மகள் வருவதாக எழுதியிருக்கின்றாள். அவள் உள்வீதியிலே நிற்கும்பொழுது இடுப்பிலுள்ள கருவியை யாரேனும் சுட்டிக் கேட்டால், இம்முறை நாம் வாய்மூடி நிற்கமாட்டோம். எமக்கு முன்னதாக உங்களுள் ஒருவர், "அது பிள்ளையின்ரை மருந்து, இருக்கட்டும்" என்று சொல்லுவாராயின், இன்றைய பேச்சு பயன் பெற்றதாகக் கருதுவோம்.